ஆஸ்பத்திரியில் பேச வேண்டியவர் யார்?

(நம் சங்கத்தின் ஏற்காட்டுக் கிளையார் கூட்டிய குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்றைக் கூட்டத்தில் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எமக்குக் கடிதம் எழுதியபோது, விஷயம் இன்னதென்று குறிப்பிடாமல் எம் விருப்பத்திற்கே விட்டிருந்தார். குலத்தின் பழம்பெருமையைப் பற்றியும் கல்வியின் அவசியத்தைப் பற்றியும் இம்மேடையில் நம்மவர் பலர் பலமுறை பேசியிருக்கின்றனர். யாமும் பேசியிருக்கிறோம், அவ்வேளையில் பின்வரிசையில் கொட்டாவி விட்டவர்களையும் கண்டிருக்கிறோம். ஆதலின் இம்முறை, நம் ஒவ்வொருவர் வீட்டிற்கும் என்றேனும் ஓர் இரவு வந்தே தீரும் ஒரு சங்கடத்தைப் பற்றிப் பேசுவதெனத் துணிந்தோம். வீட்டில் ஒருவர் நோயுற்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, அவ்விடத்தில் பேச வேண்டியவர் யார், கேட்க வேண்டியது யாது, எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்திடுவது என்பதே அச்சங்கடம்.

முதலில் எம் குற்றத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

எமது தமக்கையார் நாகலூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் சிறிதளவு காப்பியும் மிளகும் வைத்துக்கொண்டு இருப்பவர், அறுபதைக் கடந்தவர். சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், தோட்டத்தில் களைகொத்தி காலிற் பட்டுப் புண்ணாயிற்று. மஞ்சளும் வேப்பெண்ணெயுமாக நாலு நாள் கழிந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டு, கால் முழங்கால் வரையில் வீங்கிவிட்டது. செய்தி கிடைத்து யாம் சேலத்திலிருந்து ஒரு வாடகை வண்டியோடு ஏறிப்போய், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்திற் கடந்து அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தபோது இரவு மணி பதினொன்று. ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். அவர் காலைப் பார்த்துவிட்டு, தமக்கையாரின் முகத்தருகே குனிந்து, "முன்னே எந்த மருந்தாவது ஊசியாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, அம்மா?" என்று கேட்டார்.

கேள்வி தமக்கையாரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. விடை சொன்னவர் யாம். "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, டாக்டர்" என்றோம். தமக்கையார் தலையைத் தூக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்கள் பேசாமல் படுங்கள், அக்கா, எல்லாம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்" என்று அவர் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தோம்.

அவர்கள் தேர்ந்தெடுத்த மருந்து பெனிசிலின் வகையைச் சேர்ந்தது. நல்லவேளையாக முழு அளவும் ஏற்றுமுன் தோலின்கீழ்ச் சோதனையாக ஒரு துளி செலுத்தினர். அந்த ஒரு துளியிலேயே சில நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடித்து, முகம் உப்பி, மூச்சு அடைத்து, எம் கண்ணெதிரே அவர் நீலம் பாய்ந்தார். நர்ஸம்மாள் ஓடிவந்து தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார், பிராணவாயு வைத்தார்கள். பிழைத்தார். மறுநாட் காலை காப்பி குடிக்கும் நிலைக்கு வந்தபின் எம்மைப் பார்த்து, "இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னே எஸ்டேட்டு டிஸ்பென்சரியில் அந்த ஊசி போட்டு இதே மாதிரி விழுந்தேன், தம்பி. ராத்திரி அதைத்தான் சொல்ல வந்தேன். நீதான் சொல்ல விடவில்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

யாம் தமக்கையார்மேல் அன்பில்லாதவரா? இல்லை. அவர்பொருட்டு இரவென்றும் பனியென்றும் பாராமல் மலையேறியவர்தாமே? ஆயினும், மலைக்காட்டில் இருப்பவர், எழுத்துக்கூட்டி மட்டும் வாசிப்பவர், ஆஸ்பத்திரியில் என்ன பேசத் தெரியும் என்னும் எண்ணம் எம் மனத்தின் மூலையில் கிடந்தது. அவருடைய உடம்பைப் பற்றி அவரைக் காட்டிலும் எமக்கு அதிகம் தெரியுமென்ற அகங்காரம் அது. இந்த அகங்காரம் நம் குடும்பங்களில் ஆண்மக்கள் பலரிடத்தில் பொறுப்பு என்னும் பெயரோடு உலவுகிறது.

நிற்க. இதற்கு நேர் எதிரான வேறொரு குறையும் நம்மவரிடம் உண்டு. நோயாளியை வாய் திறக்க விடாத அதே மனிதர், டாக்டரிடம் தாமும் வாய் திறப்பதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காப்பிச்செடியைக் கொண்டுவந்தார் என்பர். அந்நாள் தொட்டுக் காப்பிக்கொட்டை விற்கப்போகும் எவரும் கேட்காத கேள்வி இல்லை. தராசு சரியா, ஈரத்துக்கு எவ்வளவு பிடித்தீர், சாக்கின் எடை கழித்தாயிற்றா, நேற்று என்ன விலைக்கு எடுத்தீர், எதிர்க்கடையில் என்ன விலை என்று வியாபாரியைத் துளைத்து எடுத்துவிடுகிறோம். கிலோவுக்கு இரண்டு ரூபாய் வித்தியாசத்திற்காக மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருபவரை யாம் அறிவோம். அப்படிப்பட்டவர், தம் மனைவியின் வயிற்றில் கத்தி வைக்கவேண்டுமென்று சொல்லப்படும்போது, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்கள் பார்த்து எப்படிச் செய்தாலும் சரி, சாமி" என்கிறார். என்ன வியாதி, என்ன ஆபரேஷன், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் டாக்டருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் சரியாகப் பார்க்கமாட்டார் என்று பயம்.

இப்பயம் முழுவதும் ஆதாரமற்றதென்று யாம் சொல்லமாட்டோம். கேள்வி கேட்டாற் சீறுகின்ற டாக்டர்களும் உலகில் உண்டு. ஆனால் எம் அனுபவத்தில், பெரும்பாலான டாக்டர்களுக்குக் கோபத்தை மூட்டுவது கேள்வியன்று, ஒழுங்கில்லாத பேச்சு. சேலத்து அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பகுதியில் ஒரு திங்கட்கிழமைக் காலை நின்று பாருங்கள். டாக்டருக்கு ஓர் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிஷங்களே. அந்நேரத்தில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, ஒருவர் காய்ச்சல் மூன்று நாள் என்றும், மற்றவர் இல்லை ஒரு வாரம் என்றும், இன்னொருவர் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காத கதையையும் சொன்னால், அவர் என் செய்வார்? காய்ச்சல் என்றைக்குத் தொடங்கிற்று, எந்த நேரத்தில் அதிகம், என்னென்ன மாத்திரை உள்ளே போயிற்று என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனவருக்கு, அதே டாக்டர் அதே சில நிமிஷத்தில் இரண்டு கேள்விக்கு விடை சொல்லிவிடுவார். இதை யாம் கண்ணாற் கண்டிருக்கிறோம்.

கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்பார்க்கு ஒரு வழக்கைச் சொல்லுகிறோம். அது டெல்லியில் நடந்தது. நம் மலைக்கு வெகுதூரமாயினும், அதன் தீர்ப்பு இம்மலை ஆஸ்பத்திரியையும் கட்டுப்படுத்துவது. நாற்பத்துநாலு வயதான, விவாகமாகாத ஓர் அம்மையார் தம் மாதவிடாய்க் கோளாறு என்னவென்று கண்டறிவதற்காக 1995-ல் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். குழாய்க்கருவியை உள்ளே விட்டுப் பார்ப்பதற்கு அவர் சம்மதித்துக் கையெழுத்திட்டார், மயக்கமருந்து கொடுத்தார்கள். உள்ளே பார்த்த டாக்டர், கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதே நலமென்று கருதினார். உதவியாளர் வெளியே வந்து, காத்திருந்த வயதான தாயாரிடம் சொல்ல, தாயார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மகள் விழித்தெழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வழக்கு பல படிகளைக் கடந்து, 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நோயாளி வயது வந்தவர், நல்ல புத்தியுள்ளவர். மயக்கம் தெளியும்வரை காத்திருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. அவ்வாறிருக்கத் தாயின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது. நோயைக் கண்டறியக் கொடுத்த சம்மதம், சிகிச்சை செய்யக் கொடுத்த சம்மதமும் ஆகாது. அதுமட்டுமன்றி, செய்யப்போவது என்ன, ஏன், அதிலுள்ள அபாயம் என்ன, வேறு வழிகள் எவை, செய்யாவிட்டால் நேர்வது என்ன என்பவற்றை நோயாளிக்கு விளங்கும்படி சொல்லிப் பெறுவதே சம்மதம் எனப்படும் என்றும் விளக்கினார்கள்.

இத்தீர்ப்பைப் படித்தபோது எம் நினைவு டாக்டரிடம் அதிகம் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று கையெழுத்திட்ட அந்தத் தாயாரிடத்தே நின்றது. அவர் மகளுக்குக் கேடு எண்ணினாரா? மகள் நன்றாக வேண்டுமென்றே கைநடுங்கக் கையெழுத்திட்டிருப்பார். "பேசாமல் படுங்கள், அக்கா" என்று யாம் சொன்னதும் அவ்வாறே. ஒருவருக்காகப் பரிந்து பேசுவது என்னும் புண்ணியச் செயல், எந்த இடத்தில் அவர் வாயைப் பொத்துவதாக மாறுகிறதென்பது நமக்கே தெரிவதில்லை.

உயிர் போகும் அவசரம் வேறு. அப்போது டாக்டர் தம் கடமையைச் செய்யலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதம் கொடுக்கலாம். மற்றபடி, நினைவோடிருக்கும் வயது வந்த ஒருவருக்காகக் கணவனோ மகனோ தமையனோ கையெழுத்திடும் வழக்கம் நம் வழக்கமேயொழியச் சட்டம் அன்று. ஸ்திரீகள் விஷயத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். 1971-ஆம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டத்திலேயே, வயது வந்த ஸ்திரீயானால் அவளுடைய சம்மதமே கேட்கப்படுகிறது; புருஷன் கையெழுத்து அதிற் கிடையாது. இப்படிச் சொல்வது இங்குள்ள பெரியவர் சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் உள்ளது அதுவே.

அப்படியாயின் உடன்வந்தவருக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். நிரம்ப உண்டு. வலியில் இருப்பவருக்கு டாக்டர் சொல்வது பாதி காதில் விழாது, விழுந்ததும் மறந்துபோகும். உடனிருப்பவர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு நோயாளிக்கு நிதானமாகச் சொல்லவேண்டும். நோயாளி சொல்லக் கூசுவதை, "இதைச் சொல்லட்டுமா?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டு சொல்லவேண்டும். நினைவு தப்பியவருக்கு நாமே நாக்கு. பிரசவத்துக்குப் போகும் பெண்கள் பட்ட பாட்டை இங்குள்ள தாய்மார் அறிவீர்கள். உற்றார் ஒருவரையும் உள்ளே விடாமல், தனியே கிடந்து கத்திய காலம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையிலே தாய்க்குத் துணையாக ஒரு பெண் உடனிருக்கலாம் என்னும் ஏற்பாடு 2004-ல் வந்தது. அந்தத் துணை மாமியாராக இருக்கவேண்டுமா, தாயாராக இருக்கவேண்டுமா என்று வாசலில் இரு சம்பந்திகள் வாதாடியதை யாம் ஒருமுறை கேட்டோம். உள்ளே இருந்த பெண் தன் சிற்றன்னையை வரச்சொல்லி ஆளனுப்பிவிட்டாள். கெட்டிக்காரப் பெண்!

இனி இம்மலைக்கே உரிய கஷ்டத்திற்கு வருவோம். கீழே டவுனில் இருப்பவருக்கு ஓர் ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் அடுத்த தெருவில் மற்றொன்று. இங்கே ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம். ஏற்காட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. நாகலூரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்குள்ளோர் தம்மால் இயன்றதைச் செய்கின்றனர். அதற்கு மேற்பட்டதாயின் சேலத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவர். சேலத்துப் பாதையும் இல்லாவிட்டால் குப்பனூர்ப் பாதையும்தான் நமக்கு வழி. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழையில் சேலத்துப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, அந்த ஒரு வழியின் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று. 2008 முதல் ஓடுகின்ற 108 வண்டி நமக்குப் பெரிய அநுகூலம். ஆயினும் வண்டி வரக்கூடிய இடம் வரையில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவர வேண்டிய ஊர்கள் தமிழ்நாட்டு மலைகளில் இன்னும் இருக்கின்றன. இவ்வளவும் கடந்து கீழே வந்தவரை ஓர் ஆஸ்பத்திரி "இங்கே இடமில்லை, வேறு இடம் பாருங்கள்" என்று அனுப்பினால், அவர் திரும்பி மலையேறவா முடியும்?

இவ்விஷயத்தில் இரண்டு தீர்ப்புக்களை நம்மவர் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். 1989-ல் ஒன்று. ஸ்கூட்டரில் சென்றவர் ஒருவர் மோட்டார் மோதி விழுந்தார். அருகிலிருந்த ஆஸ்பத்திரியில், இது போலீஸ் கேஸ், சுமார் 20 கிலோமீட்டருக்கப்பாலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றனர். வழியிலேயே உயிர் பிரிந்தது. அதைப் பத்திரிகையிற் கண்ட ஒருவர் வழக்குத் தொடுக்க, சுப்ரீம் கோர்ட்டு, உயிரைக் காப்பதே முதல். போலீஸ் எழுத்துவேலையெல்லாம் பிறகு. அரசாங்க டாக்டராயினும் தனியார் டாக்டராயினும் இக்கடமை ஒன்றே என்று கூறிவிட்டது.

இரண்டாவது தீர்ப்பு 1996-ல் வந்தது. அதனை நம் சங்கத்தார் விசேஷமாகக் கவனிக்கவேண்டும். வங்காளத்தில் ஒரு விவசாயக் கூலியாள் 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயம் அடைந்தார். அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை என்று கல்கத்தாவுக்கு அனுப்பினர். அங்கே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை; அடுத்ததில் கருவி இல்லை; இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களில் திருப்பிவிட்டனர். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவர் ஒரு தொழிலாளர் சங்கத்தின் அங்கத்தினர். "நம் ஆள் பிழைத்துக்கொண்டான், போனது போகட்டும்" என்று அச்சங்கத்தார் இருக்கவில்லை. அவரோடு கூடி நேரே சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுச் செய்தனர். அவசர சிகிச்சையை அரசாங்க ஆஸ்பத்திரி மறுப்பது, அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவில் அளித்த உயிர்வாழும் உரிமையையே மறுப்பதாகும் என்று தீர்ப்பாயிற்று. அந்த மனிதருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே உடனடிச் சிகிச்சை செய்து நோயாளியை நிலைப்படுத்தும் வசதி வேண்டும் என்பன போன்ற பல ஏற்பாடுகளையும் அத்தீர்ப்பு வலியுறுத்திற்று. கூலியாட்களின் சங்கம் செய்த காரியம் இது. கல்யாண மண்டபத்துக்கும் வரன் ஜாபிதாவுக்கும் நம் சங்கம் செலவிடும் சிரத்தையில் கால்பங்கு இதற்குப் போதும்.

தீர்ப்புக்கள் காகிதத்தில் இருக்கும். நடு இரவில் அவற்றை எப்படி உபயோகிப்பது என்பார்க்கு, யாம் அருகிருந்து கண்டதொன்றைச் சொல்லுகிறோம். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி மிளகு பறித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை கால் வழுகி விழுந்தான். கீழே முதலிற் கண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன்பணம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். இல்லையென்றதும், வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம், வேறிடம் போங்கள் என்றார்கள். உடன்வந்த ஆண்கள் இருவரும் வண்டியைத் திருப்பச் சொன்னார்கள். அப்பிள்ளையின் அத்தை மகள், கல்லூரியில் வாசிப்பவள், வண்டியைவிட்டு இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "அனுப்புவதானால் அனுப்புங்கள், சார். எத்தனை மணிக்கு வந்தோம், என்ன பார்த்தீர்கள், என்ன முதலுதவி செய்தீர்கள், ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அங்கே கேட்பார்கள்." குரலை உயர்த்தவில்லை, சட்டம் பேசவில்லை. எழுதவேண்டுமானால் பார்த்தாக வேண்டும். பார்த்தால் ஏதாவது செய்தாக வேண்டும். கால் மணி நேரத்தில் டூட்டி டாக்டர் வந்தார். கழுத்து அசையாமற் பட்டை கட்டி, நரம்பில் மருந்துநீர் ஏற்றி, சீட்டும் எழுதி, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கழுத்து எலும்பு முறிந்திருந்ததென்று அங்கே தெரிந்தது. பட்டையில்லாமற் குலுக்கிக்கொண்டு போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அங்கிருந்த டாக்டர் சொல்லக் கேட்டபோது, வண்டியைத் திருப்பச் சொன்ன இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

"எழுதித் தாருங்கள்" என்னும் சொல்லைப் போல ஆஸ்பத்திரியில் வலிமையுள்ள சொல் வேறில்லை. டாக்டர்களின் நடத்தை குறித்த 2002-ஆம் வருஷத்து விதிகளின்படி, படுக்கையிற் கிடந்த நோயாளியின் குறிப்புக்களை மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். மருந்துச்சீட்டைப் படிக்கும்படியாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டுமென்று 2016-ல் அவ்விதிகளில் திருத்தம் செய்தனர். டிஸ்சார்ஜ் ஆகும்போது பழக்கூடையையும் தலையணையையும் எண்ணி எடுத்து வரும் நாம், ஸ்கேன் படத்தையும் ரத்தச்சோதனைச் சீட்டையும் விட்டுவிட்டு வருகிறோம். பிறகு அடுத்த இடத்தில் அதே சோதனைக்கு மறுபடியும் பணம் கட்டுகிறோம். தேசிய மனித உரிமைக் கமிஷன் 2018-ல் நோயாளிகளின் உரிமைகள் 17 என்று தொகுத்து வெளியிட்டது. வேறொரு டாக்டரின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவற்றில் ஒன்று. பணப்பாக்கிக்காக நோயாளியையோ பிரேதத்தையோ தடுத்து வைக்கலாகாது என்பதும் ஒன்று. பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தபடியால், 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் குறிப்பிடுகிறோம். அதில் சேர உரிமையுள்ள குடும்பத்தார் நோய் வருமுன்னரே சேர்ந்துகொள்ளவேண்டும். ஆபரேஷன் அறை வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றிதழுக்குக் கிராம நிர்வாக அதிகாரியைத் தேடி ஆள் அனுப்பியவர்கள் பட்ட அவஸ்தையை இங்குச் சிலர் அறிவீர்கள்.

இந்த இடத்தில், நம் சங்க மேடையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அக்கிராசனர் பொறுத்தருள வேண்டும். நம்மவர் வீட்டில் ஒருவர் நோயுற்றால் நாம் முதலில் தேடுவது நோய்க்குரிய டாக்டரையன்று, நம்மவர் ஆகிய டாக்டரையே. அவர் இல்லாவிட்டால் சங்கப் பிரமுகர் ஒருவரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்விக்கிறோம். படுக்கையும் கிடைத்துவிடுகிறது. யாமும் அவ்வாறு போன் செய்திருக்கிறோம். அதைப் பெருமையாகவும் எண்ணியிருந்தோம். ஒருமுறை அவ்விதம் நம்மவருக்குப் படுக்கை கிடைத்த வார்டின் வாசலில், காலையிலிருந்து காத்திருந்த ஒரு மலையாளிக் குடும்பத்தைக் கண்டோம். (மலையாளியென்றதும் கேரள தேசத்தாரென்று வெளியூரார் மயங்குவர், அவர்கள் இச்சேர்வராயன் மலையின் பழங்குடிகள், பேசுவது தமிழ், காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழிக் கதை.) கிழவர் ஒருவர் தரையில் படுத்திருந்தார். அவர்களுக்குப் போன் செய்ய யார் இருக்கிறார்கள்? அந்தப் படுக்கை அவருக்கு உரியதா நம்மவருக்கு உரியதா என்று யாம் அன்று விசாரிக்கவில்லை. விசாரிக்க அஞ்சினோம் என்பதே உண்மை. சிபாரிசினாற் கிடைத்தது, சிபாரிசு செய்பவர் ஊரில் இல்லாத நாளிற் கிடையாது. கேட்டுப் பெறும் முறையைக் கற்றுக்கொண்டவனோ அதைப் பக்கத்திலிருப்பவனுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். அதனால் அவன் பங்கு குறைவதில்லை. அன்று யாம் அக்குடும்பத்தாருக்குக் காப்பீட்டு மேசை எங்கே இருக்கிறதென்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டோம்.

கேட்பது வேறு, கலகம் செய்வது வேறு என்பதையும் இளைஞர்களுக்குச் சொல்லவேண்டும். துக்கம் மேலிட்ட வேளையில் கண்ணாடியை உடைப்பதும் நர்ஸுகளை ஏசுவதும் பல இடங்களில் நடக்கின்றன. ஆஸ்பத்திரியாரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச்சட்டம் செய்திருக்கிறார்கள். சட்டம் இருக்கட்டும், இரவெல்லாம் விழித்திருந்து எம் தமக்கையாரைப் பிழைக்கவைத்தவர் ஒரு நர்ஸம்மாளே. குறை உண்டாயின் தேதியும் மணியும் எழுதி வைத்துக்கொண்டு, முதலில் வார்டுப் பொறுப்பாளரிடமும், பிறகு ஆஸ்பத்திரி மேலதிகாரியிடமும், அதற்கும் மேல் ஜில்லா அதிகாரிகளிடமும் எழுத்து மூலமாகக் கொடுத்து, நகலில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துப் பெற்ற வைத்தியத்தில் அஜாக்கிரதை நேர்ந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாமென்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு வழி திறந்துவிட்டிருக்கிறது.

இக்கிளையார் ஒரு காரியம் செய்திருக்கின்றனர். நாற்பது பக்க நோட்டுப் புத்தகங்கள் வாங்கி, குடும்பத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அதில் ஆளுக்கு நாலு பக்கம். பெயர், வயது, இரத்தவகை, இருக்கும் நோய்கள், அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள், நாட்டு மருந்து சாப்பிட்டால் அதுவும், முன்பு நடந்த ஆபரேஷன்கள், ஒவ்வாத மருந்துகள். நாட்டு மருந்தை டாக்டரிடம் மறைப்பது நம்மவரின் பழக்கம், திட்டினாலும் சொல்லிவிடுங்கள். பின்பக்கத்தில் டாக்டர் சொன்னவற்றை அவ்வப்போது தேதியிட்டு எழுதிக்கொள்ளலாம். எழுதும்போது அவரவரைக் கேட்டு எழுதவேண்டும். வீட்டுத் தலைவர் தாமே எல்லாருக்கும் எழுதிவிடலாகாது. புத்தகங்கள் காரியதரிசி அவர்களிடம் கிடைக்கும், விலையில்லை. நம்மவரல்லாத அக்கம்பக்கத்தார் கேட்டாலும் கொடுக்கும்படி யாம் கேட்டுக்கொண்டோம், அவரும் இசைந்தார்.

முதற்புத்தகத்தைத் தமக்கையாருக்கு எடுத்துச் சென்றோம். பேத்தியை உட்காரவைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். பெனிசிலின் என்பதைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னார். சென்ற தை மாதம் கண்ணில் புரை நீக்குவதற்காக அவரைச் சேலத்துக்கு அழைத்துவந்தபோது, டாக்டர் அறைக்குள் யாமும் கூடவே நுழையப்போனோம். "நீ வெளியே இரு, தம்பி, வேண்டுமென்றால் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, புத்தகத்தை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து, எந்தக் கண்ணை முதலில் செய்வதென்று கேட்டு எழுதிக்கொள்ளும்படி எம்மைக் கூப்பிட்டார்.